உள்ளபடியே

வங்கி ஏலத்தில் விழுந்த வீடு.
சாவி தந்தவன் மூக்கைப் பொத்திக்கொண்டு தந்தான்.
மெர்பேங்கில் அது புதிதல்ல:
காற்று இப்படி அடித்தால் எண்ணெய் ஆலை,
திரும்பி அடித்தால் காகித ஆலை.
இது அந்த நாற்றம் இல்லை.
மூன்று வருடம் தண்ணீர் காணாத கழிப்பறை,
கூரைக்குள் நாலு தலைமுறை மைனா.

கணக்கு எளிது.
வாங்கியது நாலு லட்சத்து இருபதாயிரம் ராண்ட்.
ஓடு, குழாய், சமையலறை அலமாரி, சாயம்: தொண்ணூறு.
முந்தையவர் நகராட்சிக்கு விட்டுப்போன தண்ணீர்ப் பாக்கி: பதினெட்டு.
விற்றால் ஆறரை.
மீதியில் மகளின் கல்லூரி,
மீதியின் மீதியில் அடுத்த பாழ்வீடு.

ம்லுங்கிசி சுவரைத் தட்டிப் பார்த்தான்,
டாக்டர் முதுகைத் தட்டுவதுபோல.
ஜூலுவில் அவன் பெயருக்குச் 'சரிசெய்கிறவன்' என்று பொருள்.
"பெயர் வைத்தது அம்மா, கூலி தருவது நீங்கள்" என்பான்.
விரிசலில் உளி வைத்தான். இறங்கவில்லை.
இளஞ்சிவப்பாக, கல்லாக, ஏதோ ஒன்று.
மோந்து பார்த்துச் சிரித்தான்.
"கார் புட்டி."

அப்புறம் பார்த்த இடமெல்லாம் அதுதான்.
ஜன்னல் துருவின்மேல்.
தொட்டி ஓட்டையில்.
உடைந்த படியின் மூக்கில்.
குளியலறைக் கதவு மட்டும் மின்னும் நீலம்.
பக்கத்து வீட்டு மாரியாயி சொன்னாள்:
தனபாலன் மூட்லி இருபத்தாறு வருடம்
கார் ஆலையில் சாயம் அடித்தவர்.
சோற்று டப்பா காலியாகப் போகும்,
கனத்துத் திரும்பும்.
நுரையீரல் கெட்டது, பிறகு தவணை கெட்டது.

விளம்பரத்துக்கு எழுதி வைத்திருந்தேன்,
'கவனிப்பாரற்றுக் கிடந்த வீடு' என்று.
அன்றிரவு அதை அடித்தேன்.
பதில் சொல் கிடைக்கவில்லை.

புட்டியைப் பெயர்க்க ஒன்பது நாள்.
அரவை இயந்திரம் மூன்று வட்டுகளைத் தின்றது.
மனுஷன் பணமில்லாமல் செய்ததைப்
பணம் கொடுத்து அழித்தேன்.
பிறகு வெள்ளை. கதவும் வெள்ளை.
வாங்க வருகிறவர்களுக்கு அது பிடிக்கும்,
யாருமே வாழ்ந்திராதது போலிருக்கும்.

சான்றிதழ்கள் வந்தன.
மின்சாரம் சரி என்று ஒன்று.
மரத்தில் வண்டு இல்லை என்று ஒன்று:
டார்ச்சோடு கூரைக்குள் ஏறியவன்
நாலே நிமிடத்தில் இறங்கினான்.
மைனாக்களை அவன் கேட்கவில்லை.

ஒப்பந்தத்தில் ஒரு ஆஃப்ரிகான்ஸ் சொல், ஃபுட்ஸ்டூட்ஸ்.
காலால் தள்ளிக் கொடுப்பது. இருக்கிறபடி. உள்ளபடியே.
மறைந்திருக்கும் குறைக்கு விற்றவள் பொறுப்பல்ல,
அவளுக்கு அது தெரிந்திருந்தால் ஒழிய.

ஞாயிறன்று வந்தார்கள் ப்ரனேஷனும் தெஷ்னியும்.
அவன் எல்லாக் குழாயையும் திறந்து திறந்து மூடினான்.
அவள் பின்னறையில் கட்டில் அகலத்துக்குக்
கை விரித்து நின்றாள்.
சுவரில் விரல் பட்டது. எடுக்கவில்லை.
செவ்வாய் கையெழுத்து என்றார் தரகர்.

திங்கள் இரவு மழை.
டர்பன் மழைக்கு முன்னுரை கிடையாது.
விடியலில் போய்ப் பார்த்தேன்.
பின்னறையில், புட்டி இருந்த அதே இடத்தில்,
உள்ளங்கை அளவு ஈரம்.
பிஸ்கட்டில் தேநீர் ஏறுவதுபோல
வெள்ளையில் ஏறிக்கொண்டிருந்தது.

காரில் மிச்சச் சாயம் இருந்தது, தூரிகை இருந்தது.
முடி உலர்த்தும் கருவிகூட இருந்தது.
பத்து நிமிட வேலை.
ம்லுங்கிசி வாசலில் நின்றான்,
என்னைப் பார்க்காமல் மழையைப் பார்த்தான்,
அது நின்று அரைமணி ஆகியிருந்தது.

நேற்றுத் தெரியாது.
இன்று தெரியும்.
இந்த வீட்டில் நான் புதிதாகப் பொருத்தியதில்
கழற்ற முடியாதது இது ஒன்றுதான்.

இருபதாயிரம் குறைப்பாள்.
அல்லது ஓடிப்போவாள்.
தெஷ்னியின் எண்ணை அழுத்தினேன்.
மணி போய்க்கொண்டிருக்கும்போதே
வாசல் பக்கம் திரும்பிக் கேட்டேன்:
ஜேக்கப்ஸில் அந்தக் கார் பட்டறை
எத்தனை மணிக்குத் திறக்கும்?